டெர்மினலில் ஒரு ஊதாப் பட்டை

இரவு மணி 11:30. மறுநாள் காலை 10 மணிக்கு புராஜெக்ட் ரிவ்யூ. விடுதி அறை ஒன்றில் இறுதியாண்டு கணினி அறிவியல் மாணவன் ஒருவன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். டிஸ்கில் இடம் குறைவாக இருக்கிறது என்று திரையின் மேல்பக்கம் ஒரு அறிவிப்பு வந்து போனது. அன்று அது மூன்றாவது முறை.

எதை அழித்தால் இடம் கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். புராஜெக்டுக்காகச் சேர்த்த படங்கள்தான் பாதி டிஸ்கை அடைத்துக்கொண்டிருந்தன. கையால் எழுதிய தமிழ் எழுத்தைக் கணினியைப் படிக்க வைக்கும் புராஜெக்ட் அது. நான்கு பேர் கொண்ட குழு. தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், கடைக்காரர்கள், விடுதி சமையல்காரர் வரை எல்லோரிடமும் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து 247 எழுத்தையும் எழுதச் சொல்லி, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக வெட்டி, இது 'ழ', இது 'ள' என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வைத்திருந்தார்கள். ஐந்து மாத வேலை. முழுமையான தொகுப்பு கல்லூரி லேபில் இருக்கும் பெரிய மெஷினில் இருந்தது. லேப்டாப்பில் இருந்தது முதல் மாதத்தில் எடுத்த பழைய காப்பி. பெயர் போடாத வெறும் படங்கள். அதை வைத்துக்கொண்டு என்ன பயன்? அழித்துவிடலாம்.

டெர்மினலுக்குப் போனான். லினக்ஸ் பழகியவர்களுக்குத் தெரியும், அழிக்கும் கட்டளை 'ஆர்எம்'. அதனோடு 'ஆர்', 'எஃப்' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக எல்லாவற்றையும் எந்தக் கேள்வியும் கேட்காமல் அழித்துவிடும். குப்பைத்தொட்டிக்குப் போகாது. மீட்பதும் லேசுப்பட்ட காரியம் அல்ல. ஃபோல்டரின் பெயரை டைப் செய்து முடித்தான். எண்டர் தட்டக் கை போனபோதுதான் அது கண்ணில் பட்டது.

விண்டோவின் மேல்பட்டை ஊதா நிறத்தில் இருந்தது.

எப்போதும் சாம்பல் நிறத்தில் இருக்கும் பட்டை. மூடும் பொத்தானும் டேபின் பெயரும் இருக்கும் இடம். இன்று மட்டும் என்ன ஊதா? எண்டர் தட்டாமல் கையை எடுத்தான். பயம் எதுவும் இல்லை, வெறும் எரிச்சல்தான். புது வெர்ஷன் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகிறது என்று அவனுக்குள் ஏற்கனவே ஒரு கோபம் இருந்தது.

அவன் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. அந்த வாரம்தான் உபுண்டு 25.10-க்கு மாறியிருந்தான். 2025 அக்டோபரில் வந்த அந்த வெர்ஷனில், பல வருடங்களாக இருந்த க்னோம் டெர்மினலுக்குப் பதிலாக 'டிக்சிஸ்' என்ற புது டெர்மினல் வந்துவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 2024 அக்டோபரில் வந்த ஃபெடோரா 41-ல் அது இடம் பிடித்துவிட்டது. தவிர, உபுண்டுவுக்கும் ஊதாவுக்கும் பழைய உறவு. 2010-ல் வந்த 10.04 வெர்ஷனில் தொடங்கி அதன் டெர்மினலின் பின்னணி கத்தரிக்காய் நிறம்தானே? ஆகவே அவன் கணக்கு சுலபமாக முடிந்தது: பழைய தீமில் கொஞ்சம் புதிய டெர்மினலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சரி, தீமைப் பார்ப்போம் என்று செட்டிங்ஸைத் திறந்தான். டார்க் மோடிலிருந்து லைட்டுக்கு மாற்றினான். பட்டை கொஞ்சம் வெளுத்தது, ஆனால் ஊதா ஊதாவாகவே இருந்தது. திரும்ப டார்க். அதே ஊதா.

அடுத்த சந்தேகம் நைட் லைட். இரவில் கண் கூசாமல் இருக்கத் திரையின் நிறத்தை மாற்றும் வசதி. ஆனால் அது திரையை ஆரஞ்சுப் பக்கம் இழுக்கும். அதுவும் முழுத் திரையையும் இழுக்கும், ஒரு பட்டையை மட்டும் அல்ல. அதுவும் இல்லை.

மூன்றாவது, கிராஃபிக்ஸ் டிரைவர். இதற்கு அவனுக்கு ஒரு நல்ல வழி தெரிந்திருந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதை மொபைலுக்கு அனுப்பிப் பார்த்தான். மொபைலிலும் ஊதா தெரிந்தது. திரையிலோ கேபிளிலோ கோளாறு இருந்தால் ஸ்க்ரீன்ஷாட்டில் அது வராது. ஆக, இந்த ஊதாவை யாரோ வேண்டுமென்றே வரைகிறார்கள். கணினிக்குள் ஓடும் ஏதோ ஒரு நிரல்.

இங்கே வந்ததும் அவனுக்கு லேசாக வியர்த்தது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா? விடுதி வைஃபையைப் பற்றி நல்லவிதமாகப் பேசுகிறவர் யாரும் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அறை நண்பன் மெக்கானிக்கல் பிரிவு. லினக்ஸ் என்றால் என்னவென்று கேட்டால் பென்குயின் படம் என்பான். இவன் பதினைந்து நிமிடமாக ஒரு பட்டையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"என்னடா பிரச்சினை?"

"இந்தப் பட்டை ஊதாவா மாறிடுச்சுடா. எப்படி எடுக்கிறதுன்னு தெரியல."

"எல்லா விண்டோலயும் இப்படித்தான் இருக்கா?"

இவன் புதிதாக ஒரு டெர்மினல் விண்டோவைத் திறந்தான். சாம்பல் நிறம். இன்னொன்று திறந்தான். அதுவும் சாம்பல்.

"இல்ல. இதுல மட்டும்தான்."

"அப்ப தீம் எப்படிடா ஆகும்? வண்டில ஆயில் லைட் எரிஞ்சா பல்பக் கழட்டிட்டா ஓட்டுவ? எதுக்கு எரியுதுன்னுதான பாப்ப? இந்த விண்டோல மட்டும் வேற என்ன ஓடுது, அதப் பாரு."

பதினைந்து நிமிடமாக இவன் கேட்காத கேள்வி அதுதான். இந்த நிறத்தை எப்படி எடுப்பது என்று தேடினானே தவிர, இது ஏன் வந்தது என்று தேடவில்லை.

முதல் வேலையாக கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினான். டைப் செய்து வைத்திருந்த வரி ரத்தானது. பிறகு ஒரு சின்னக் கட்டளை, 'ஹோஸ்ட்நேம்'. இது எந்த மெஷின் என்று கேட்பதற்கு அதுதான்.

பதிலாக வந்தது லேப்டாப்பின் பெயர் அல்ல. கல்லூரி லேப் மெஷினின் பெயர்.

அறை நண்பனுக்கு எதுவும் புரியவில்லை. இவன் மட்டும் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நடந்தது இதுதான். சாயங்காலம் லேப் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த வேலை முடிந்ததா என்று பார்க்க, எஸ்எஸ்ஹெச் வழியாக அதற்குள் போயிருக்கிறான். எஸ்எஸ்ஹெச் என்பது இங்கே உட்கார்ந்தபடி தூரத்தில் இருக்கும் கணினிக்குக் கட்டளை கொடுக்கும் வழி. பார்த்துவிட்டு அப்படியே மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போய்விட்டான். இணைப்பைத் துண்டிக்கவில்லை. திரும்பி வந்தபோது திறந்திருந்த விண்டோ அதுதான். லேப்டாப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு டைப் செய்தது எல்லாம் லேப் மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு இடத்திலும் ஃபோல்டர்களை ஒரே பெயரில் ஒரே மாதிரி அடுக்கி வைப்பது அவன் பழக்கம். ஆகவே அந்தக் கட்டளை அங்கே எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடியிருக்கும்.

"ப்ராம்ப்டில் மெஷின் பெயர் இருக்குமே, அதைப் பார்க்கவில்லையா?" என்று லினக்ஸ் தெரிந்தவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உபுண்டுவில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் பயனர் பெயரும் மெஷின் பெயரும் சேர்ந்து வரும். ஆனால் அது நீளமாக அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு மாதத்துக்கு முன் அவனே அதை வெட்டிவிட்டிருந்தான். ஃபோல்டர் பெயரும் ஒரு டாலர் குறியும் மட்டும். பார்க்க அழகாக இருந்ததால் அந்த அமைப்புக் கோப்பை லேப் மெஷினிலும் கொண்டுபோய்ப் போட்டிருந்தான். இங்கேயும் அங்கேயும் ஒரே முகம். வித்தியாசம் சொல்ல மிச்சமிருந்தது அந்த ஊதாப் பட்டை ஒன்றுதான். அதையும் எப்படி எடுப்பது என்றுதான் அவன் கால் மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தான்!

எண்டர் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் யோசித்துப் பார்த்தான். லேப் மெஷினில் இருந்த முழுத் தொகுப்பும் போயிருக்கும். பிறகு லேப்டாப்பில் இடம் கூடியிருக்கிறதா என்று பார்த்திருப்பான். கூடியிருக்காது. 'அடடா, அழியவில்லை போலிருக்கிறதே' என்று வேறொரு விண்டோவைத் திறந்து அதே கட்டளையை இன்னொரு முறை கொடுத்திருப்பான். அது நிஜமாகவே லேப்டாப். பழைய காப்பியும் போயிருக்கும். இரண்டு எண்டர், ஐந்து மாதம். ரிவ்யூவுக்கு இன்னும் பத்து மணி நேரம்.

இப்போது அந்தப் பட்டையின் கதைக்கு வருவோம்.

டிக்சிஸ் டெர்மினலை எழுதியவர் கிறிஸ்டியன் ஹெர்கர்ட். க்னோம் உலகில் தெரிந்த பெயர். அதற்கு முன்பே, 2022-ல் வந்த க்னோம் 42-ல் 'கன்சோல்' என்ற சின்ன டெர்மினல் சேர்க்கப்பட்டது. அதிலும் இதே ஏற்பாடு உண்டு. விண்டோவுக்குள் ரூட் அதிகாரத்தோடு ஏதாவது ஓடினால் மேல்பட்டை சிவப்பாக மாறும். எஸ்எஸ்ஹெச் வழியாக வேறு கணினிக்குள் போனால் ஊதாவாக மாறும். வேலை முடிந்து வெளியே வந்ததும் பழைய நிறம் தானாகத் திரும்பிவிடும். ரூட் என்பது லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். 'சுடோ' போட்டுக் கட்டளை கொடுக்கும்போது அந்த அதிகாரத்தைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டால் பட்டை சிவப்பாகவே நிற்கும்.

ஒரு விண்டோவுக்கு இது எப்படித் தெரிகிறது? மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு டெர்மினலுக்கும் இந்த நிமிடம் முன்னணியில் ஓடும் நிரல் எது என்பதை லினக்ஸ் கெர்னல் குறித்து வைத்திருக்கிறது. கண்ட்ரோல் சி அழுத்தினால் யாரை நிறுத்துவது என்று அதற்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்காக. டெர்மினல் அந்தத் தகவலைக் கேட்டு வாங்குகிறது. முன்னணியில் இருப்பது எஸ்எஸ்ஹெச் என்றால் ஊதா. ரூட்டுக்குச் சொந்தமான நிரல் என்றால் சிவப்பு.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. டெர்மினலுக்குத் தெரிவது இந்தக் கணினியில் ஓடும் நிரல்கள் மட்டும்தான். எஸ்எஸ்ஹெச் வழியாக அடுத்த கணினிக்குப் போய் அங்கே ரூட் ஆனால், இங்கே பட்டை சிவப்பாகாது. ஊதாவாகவே இருக்கும், ஏனென்றால் இங்கே ஓடுவது எஸ்எஸ்ஹெச் மட்டும். டீமக்ஸ் போன்ற நிரலுக்குள் இருந்துகொண்டு எஸ்எஸ்ஹெச் போனால் அதுவும் தெரியாது. அங்கே முன்னணியில் இருப்பது டீமக்ஸ்தான், உள்ளே நடப்பது அதன் வயிற்றுக்குள். ஆகவே பட்டை ஊதாவாக இருந்தால் நம்பலாம். சாம்பலாக இருப்பதால் மட்டும் ஆபத்து இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பயமுறுத்தும் அடையாளங்கள் டெர்மினலில் இன்னும் பல உண்டு. புதிதாக லினக்ஸ் பழகும் நண்பர்கள் அடிக்கடி மிரளும் சிலவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, பச்சைப் பின்னணி. 'எல்எஸ்' கொடுத்து ஃபோல்டர்களைப் பட்டியல் போட்டால் வழக்கமாக நீல எழுத்தில் வரும். திடீரென்று சில ஃபோல்டர்கள் மட்டும் பச்சைப் பின்னணியில் நீல எழுத்தாக, படிக்கவே முடியாதபடி வரும். அதை விகாரமான வண்ணத் தேர்வு என்று நினைத்து வண்ணத்தை மாற்றுகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் அந்த ஃபோல்டரில் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அழிக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸில் திறக்கும்போது எல்லா ஃபோல்டரும் அப்படி வருவது சகஜம், அங்கே லினக்ஸின் அனுமதி முறை கிடையாது. ஆனால் சொந்த ஹோம் ஃபோல்டருக்குள் பச்சை வந்தால், எப்போதோ ஏதோ வேலை செய்யவில்லை என்று 'சிஎச்மோட் 777' போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மற்றவர்களின் எழுதும் அனுமதியை நீக்கினால் நிறம் தானாகச் சரியாகிவிடும். இதுவே கறுப்பு எழுத்தில் பச்சைப் பின்னணி என்றால் கவலை இல்லை. எல்லோரும் எழுதலாம், ஆனால் ஒருவர் கோப்பை இன்னொரு சாதாரணப் பயனர் அழிக்க முடியாது. தற்காலிகக் கோப்புகள் இருக்கும் 'டெம்ப்' ஃபோல்டர் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாவது, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து. அது அறுந்துபோன லிங்க். அது சுட்டிக்காட்டும் கோப்பு இப்போது அந்த இடத்தில் இல்லை. பெயர் மாறியிருக்கலாம், நகர்த்தியிருக்கலாம், வெளி டிஸ்க் சொருகாமல் இருக்கலாம்.

மூன்றாவது, ஒற்றை மேற்கோள் குறி. சில கோப்புகளின் பெயரைச் சுற்றி மட்டும் மேற்கோள் குறி வரும். 'பெயரில் யார் இதைச் சேர்த்தது?' என்று மறுபெயரிட முயன்று தோற்றவர்கள் உண்டு. பெயரில் அது இல்லை. 2016 ஜனவரியில் வந்த ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸ் 8.25-ல் வந்த மாற்றம் அது. பெயருக்கு நடுவே இடைவெளி இருந்தால், அதை அப்படியே காப்பி செய்து கட்டளையில் ஒட்டினாலும் பிழை வராதபடி மேற்கோள் போட்டுக் காட்டுகிறது. இடைவெளி உள்ள பெயரை மேற்கோள் இல்லாமல் ஆர்எம்-க்குக் கொடுத்தால் இரண்டு வெவ்வேறு பெயராக எடுத்துக்கொண்டு, தற்செயலாக அந்தப் பெயரில் இருக்கும் வேறு கோப்பை அழித்துவிடும். அந்தச் சின்னக் குறிக்குப் பின்னால் அவ்வளவு விஷயம்.

நான்காவது, வரியின் கடைசியில் நிறம் தலைகீழாக மாறி நிற்கும் சதவீதக் குறி. இசட்ஷெல் பயன்படுத்துகிறவர்களுக்கு வரும். முன்பு ஓடிய நிரல் கடைசியில் புது வரிக் குறியீடு போடாமல் முடித்துவிட்டது என்று அர்த்தம். சி மொழியில் முதல் நிரல் எழுதும்போது கடைசியில் 'என்' போட மறப்போமே, அதே தப்புதான். கணக்கில் பிழை இல்லை, நூறு சதவீதமும் இல்லை!

ஐந்தாவது, எழுத்தெல்லாம் கோடும் கட்டமுமாக மாறிப்போவது. படக் கோப்பையோ நிரல் கோப்பையோ தெரியாமல் 'கேட்' கொடுத்துத் திரையில் கொட்டினால் இது நடக்கலாம். அந்தக் கோப்பின் பைட்டுகளுக்கு நடுவே, 'இனி கோடு வரையும் எழுத்துக்களைக் காட்டு' என்று டெர்மினலுக்குச் சொல்லும் குறியீடு தற்செயலாக அமைந்துவிடும். டெர்மினல் சொன்னதைச் செய்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். திரையில் என்ன தெரிகிறது என்று பார்க்காமல் 'ரீசெட்' என்று டைப் செய்து எண்டர் தட்டினால் போதும். பழையபடி ஆகிவிடும்.

ஆறாவது, எதுவுமே அசையாமல் உறைந்து நிற்பது. மற்ற இடங்களில் சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோலும் எஸ்-ம் அழுத்தியிருப்பீர்கள். டெலிடைப் காலத்தில் 'கொஞ்சம் நிறுத்து' என்பதற்கான குறி அது. கண்ட்ரோலும் க்யூ-வும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இது தெரியாமல் விண்டோவையே மூடி, சேமிக்காத வேலையை இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

இத்தனையும் ஏன் இப்படி என்றால், இந்த விண்டோ உண்மையில் ஒரு பழைய இயந்திரத்தின் வேஷம். 1978-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் விடி100 என்ற டெர்மினலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையும் கீபோர்டும் மட்டும். கணினி வேறெங்கோ இருக்கும், கேபிளில் இணைப்பு. இன்றைய டெர்மினல் விண்டோக்கள் புரிந்துகொள்ளும் குறியீடுகளில் நிறைய அந்த இயந்திரத்திலிருந்து வந்தவை. அதன் கீபோர்டில் ஏழு சின்ன விளக்குகள் இருந்தன. அவற்றில் ஒன்று 'ஆன்லைன்', இன்னொன்று 'லோக்கல்'. டைப் செய்வது தூரத்துக் கணினிக்குப் போகிறதா, இங்கேயே நின்றுவிடுகிறதா என்பதைச் சொல்வதற்கு. கீபோர்டு முடங்கியிருந்தால் எரிய ஒரு விளக்கு. மீதி நான்கை நிரல்கள் தங்கள் இஷ்டத்துக்கு எரிய வைத்துக்கொள்ளலாம்.

'இப்போது டைப் செய்வது எங்கே போகிறது?' என்ற கேள்வி அன்றே இருந்திருக்கிறது. அதற்கு ஒரு விளக்கும் வைத்திருக்கிறார்கள். பிறகு டெர்மினல் ஒரு விண்டோவாக மாறியபோது அந்த விளக்கு காணாமல் போனது. ப்ராம்ப்டில் வரும் மெஷின் பெயர்தான் அந்த வேலையைச் செய்துவந்தது. ரூட்டுக்கு மட்டும் டாலர் குறிக்குப் பதிலாக ஹேஷ் குறி வருவதும் அதே மாதிரி ஒரு பழைய யுனிக்ஸ் பழக்கம்தான். ஆனால் தினமும் ஆயிரம் முறை பார்க்கும் எழுத்தைக் கண் படிப்பதில்லை. மேல்பட்டை முழுக்க நிறம் மாறினால்தான் கண் நிற்கிறது. எரிச்சல் வந்தாலும் நிற்கிறது. அந்த எரிச்சல்தான் அவன் கையை எண்டரிலிருந்து எடுக்க வைத்தது.

சரி, அவன் கதை என்ன ஆயிற்று?

அன்று இரவு அவன் அந்த ஃபோல்டரில் எதையும் அழிக்கவில்லை. ஊதா விண்டோவில் 'எக்சிட்' கொடுத்தான். பட்டை சாம்பலாக மாறியது. மறுபடியும் ஒரு முறை 'ஹோஸ்ட்நேம்' கேட்டான், லேப்டாப் பெயர் வந்தது. சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் கேட்டான். இன்ஸ்டால் செய்து முடித்த பேக்கேஜ்களின் மிச்சத்தைத் துடைத்து, இரண்டு சினிமாவை அறை நண்பனின் பென்டிரைவுக்கு மாற்றியதில் தேவையான இடம் கிடைத்துவிட்டது. இதை முதலிலேயே செய்திருக்கலாம்! பிறகு ப்ராம்ப்டில் வெட்டிய மெஷின் பெயரைத் திரும்பச் சேர்த்தான். லேப் மெஷினில் மட்டும் அது சிவப்பு எழுத்தில் வரும்படி செய்தான். டிக்சிஸில் அந்த நிறமாற்றத்தை அணைத்து வைக்கும் அமைப்பு ஒன்று இருப்பதை அப்போதுதான் கண்டுபிடித்தான். முன்பே கண்ணில் பட்டிருந்தால் கண்டிப்பாக அணைத்திருப்பான். அதைத் தொடாமல் மூடிவிட்டுப் படுத்தான். தூக்கம்தான் வரவில்லை.

காலையில் ரிவ்யூ நல்லபடியாக முடிந்தது. முடிந்த பிறகு கேண்டீனில் மற்ற மூன்று பேரிடமும் விஷயத்தைச் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எதுவும் நடக்கவில்லையே. ஆனாலும் சொன்னான். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். எழுத்துக்களுக்குப் பெயர் போடும் வேலையில் பாதிக்கு மேல் செய்த தோழி மட்டும் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த லேப் மெஷினத் தவிர வேற எங்க காப்பி இருக்கு?"

"உன்கிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்றான் ஒருவன்.

"நான் உன்கிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்றான் அடுத்தவன்.

நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மாதமாக ஒவ்வொருவரும் மற்ற மூவரில் யாரோ ஒருவர் எடுத்து வைத்திருப்பார் என்ற நம்பிக்கையிலேயே இருந்திருக்கிறார்கள். லேப் மெஷினின் டிஸ்க் என்றைக்காவது நின்றிருந்தால் எந்த நிறமும் மாறியிருக்காது, எச்சரிக்கையும் வந்திருக்காது.

அன்று சாயங்காலமே நான்கு பேரும் பணம் போட்டு 1 டிபி வெளி டிஸ்க் ஒன்று வாங்கினார்கள். முழுத் தொகுப்பும் அதற்குள் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி 9. காப்பி ஓடி முடியும் வரை லேப்டாப் திரையின் மேலே அந்த ஊதாப் பட்டை இருந்துகொண்டே இருந்தது. இந்த முறை அது ஏன் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

உங்கள் டெர்மினலில் இதுவரை பார்க்காத ஒரு நிறமோ குறியோ வந்தால், அதை எடுக்கும் வழியைத் தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் செய்யுங்கள். பாதி டைப் செய்த வரியை ரத்து செய்யுங்கள். எந்த மெஷின், எந்தப் பயனர், எந்த ஃபோல்டர் என்று கேளுங்கள்: 'ஹோஸ்ட்நேம்', 'ஹூஆம்ஐ', 'பிடபிள்யூடி'. பக்கத்தில் இன்னொரு விண்டோவைத் திறந்து அதிலும் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், இதைப் படித்து முடித்ததும் உங்கள் புராஜெக்டின் இன்னொரு காப்பி எங்கே இருக்கிறது என்று உங்கள் குழுவில் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.